களை பிடுங்கக் கட்டணம்

கொடைக்கானல் மேல்மலையில் களை எடுக்க இரண்டு வழி உண்டு. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பிறந்து, விடிந்ததும் தோட்டத்துக்குப் போய், பொழுது சாயும்வரை குனிந்து எடுத்துக் கூலி வாங்கலாம். அல்லது விமானமேறி வந்து, ஏழு நாளுக்கு முன்பணம் கட்டி, அரை மணி நேரம் எடுத்துச் சான்றிதழ் வாங்கலாம். இரண்டாவது வழியில் வருபவருக்குத் தொப்பி, கையுறை, மூலிகைத் தேநீர் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கம். படம் பிடிக்கத் தனி ஆள். வந்தவர் கிளம்பிய பிறகு அதே பாத்தியில் இரண்டு பெண்கள் மறுபடி குனிகிறார்கள். விருந்தாளி பிடுங்கிப்போட்டது பூண்டு. விட்டுவிட்டுப் போனது களை.

இதற்குக் 'கல்விசார் தன்னார்வப் பயணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பண்பாடு, உணவு, சிறுவிவசாயம் மூன்றும் ஒரே கட்டணத்தில். முதல் நாள் கிராமத்து வரவேற்பு. இரண்டாம் நாள் பழங்குடியோடு காட்டு நடை. மூன்றாம் நாள் ஜீவாமிர்தம் கலக்குதல். நான்காம் நாள் ஓய்வு, சாணியைத் தொட்ட அதிர்ச்சியிலிருந்து மீள. ஐந்தாம் நாள் விதைப்பந்து உருட்டுதல். ஆறாம் நாள் அவற்றை ஜீப்பில் போய் எறிதல். ஏழாம் நாள் கண்ணீருடன் பிரியாவிடை. எறிந்த விதைப்பந்து முளைத்ததா என்று எட்டாம் நாள் போய்ப் பார்ப்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 319. அந்த 319கூட ஒழுங்காக வரவில்லை. 2025 ஜனவரியில் நிலுவைக் கூலி 1,056 கோடியைக் கேட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மண் வெட்டியவருக்குக் கூலி வரவில்லை. மண் வெட்ட ஆசைப்படுபவர் முன்பணம் கட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே மண்ணைத்தான் வெட்டுகிறார்கள். இந்தப் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றுத் தருகிறார்கள் என்று தெரிந்தால் நாமும் போய்ச் சேரலாம்.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. 1971இல் லண்டனில் அலுவலக வேலை பார்த்துவந்த சூ காப்பர்ட் என்ற பெண் ஓர் ஏற்பாடு செய்தார். வார இறுதியில் இயற்கைப் பண்ணைக்குப் போய் உழைப்பது. பண்ணைக்காரர் சோறும் படுக்கையும் தருவது. காசு கைமாறாது. அதுதான் பின்னால் 'வூஃப்' என்று உலகமெங்கும் பரவியது. உழைப்புக்குச் சோறு. நேர்மையான பேச்சு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் அப்படி வந்து, வாய் திறக்காமல் மாதக்கணக்கில் மண்ணில் கிடந்து கற்றுப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. கொப்புளம் வெடித்த கையோடு நிற்கும் இருபது வயது மியூனிக் பையனும் இதில் குற்றவாளி இல்லை.

குற்றவாளி நடுவில் வந்தவன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை அனுப்பியவருக்கு அவனைத் தெரியும். விளைவிப்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், இடையில் கமிஷன் கடை போட்டவன் ஒருவன். தன்னார்வப் பயணமும் கமிஷன் கடைதான். என்ன, இங்கே ஏலம் போவது கேரட் இல்லை. வறுமை. அதற்கு மட்டும் எப்போதும் நல்ல விலை. மழை பெய்தாலும் காய்ந்தாலும் இறங்குவதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை வெயிலும் காய்ச்சலும் துரத்திய துரத்தல். மோட்டார் போகும் சாலை வர 1914 ஆயிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் குதிரையேறத் தெரியாத துரைகளும் துரைசானிகளும் குழந்தைகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து ஏறினார்கள். தோள் நம்முடையது. பியானோவும் அப்படித்தான் ஏறியிருக்கும், பீங்கான் தட்டும் அப்படித்தான். அன்று கூலியின் தோள்மேல் ஏறிப் போனார்கள். இன்று கூலியாக ஒரு வாரம் நடிக்கக் காசு கட்டி வருகிறார்கள். முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

டோலி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வெள்ளகவி, சின்னூர், பெரியூர். கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கும் ஊர்கள். சாலை கேட்டு மனு எழுதியே தலைமுறைகள் போயின. பிரசவ வலி வந்தவளையும் நெஞ்சு வலி வந்தவரையும் கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு, காட்டாற்றைத் தாண்டி, பெரியகுளம் பக்கம் இறங்கிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். அதே வெள்ளகவி மலையேற்றக்காரர்களின் விளம்பரத்தில் எப்படி வருகிறது தெரியுமா? 'சாலையே இல்லாத அதிசய கிராமம்.' நெஞ்சு வலி இல்லாதவருக்கு அதிசயம்தான்.

இந்த வியாபாரம் நம் கண்டுபிடிப்பும் இல்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவின் யுகத்தானிலும் கடை எப்போதோ திறந்தாயிற்று. மாயா பண்பாடு, மாயா உணவு, மாயா சிறுவிவசாயம். அங்கே காட்டப்படும் விவசாயத்துக்கு 'மில்பா' என்று பெயர். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து விதைப்பது. சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸ் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். அருமையான ஏற்பாடு. நம்மூர்க் கிழவி சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு ஊன்றியதும் இதே கணக்கில்தான். அதை வளராத விவசாயம் என்று சொல்லி, ஒற்றைப் பயிரும் உரமூட்டையும் கொடுத்துத் திருத்தினார்கள். இப்போது அவள் பேரனுக்கே 'கலப்புப் பயிர் அனுபவம்' என்று வகுப்பெடுக்கிறார்கள்.

கொடைக்கானலில் நடக்கும் 'பாரம்பரியச் சமையல் வகுப்பு'தான் இதில் உச்சம். விருந்தாளிக்கு மண்ணின் உணவு கற்றுத் தருகிறார்கள். சௌசௌ கூட்டு. பீன்ஸ் பொரியல். மிளகாய்த் துவையல். தக்காளி ரசம். ஏரிக்கரையில் அவித்த மக்காச்சோளம். தாகத்துக்குத் தாண்டிக்குடி பட்டர் ஃப்ரூட் ஜூஸ். இத்தனைக்கும் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். மாயாக்காரர் தோட்டத்துச் சரக்கு, கப்பலேறி வந்தது. பண்ணைக்காடு பக்கம் பந்தல் பந்தலாகத் தொங்கும் சௌசௌ அங்கிருந்து வந்த கொடி. தப்பில்லை. நன்றாகத்தான் காய்க்கிறது. ஆனால் மெக்சிகோவிலிருந்து ஒரு மாணவி பணம் கட்டி வந்து, பழனி மலையின் தொன்மையான காய் என்று தன் பாட்டி வீட்டுக் காயை நறுக்கக் கற்றுக்கொண்டு போனால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

இந்த மலையில் உண்மையாகவே பழையது எது என்று கேட்டால் வகுப்பாசிரியர் விழிப்பார். காட்டு வள்ளிக்கிழங்கு. மலைத்தேன். தினை, சாமை. அவற்றைத் தெரிந்தவர் வகுப்பறையில் இல்லை. வெளியே விறகு பிளக்கிறார்.

மக்காச்சோளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாயாக்காரர்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவித்தான் அரைப்பார்கள். சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நயாசின் என்ற சத்தை அந்தச் சுண்ணாம்புதான் திறந்து விடுகிறது. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் சோளத்தை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சுண்ணாம்பு எதற்கு, அது காட்டுமிராண்டிப் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள். விளைவு பெலாக்ரா. வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பிய ஏழைகள் தோல் வெடித்து, குடல் கெட்டு, புத்தி பேதலித்துச் செத்தார்கள். பொருளை எடுத்துக்கொண்டு ஆளின் அறிவை விட்டுவிட்டுப் போனதற்கு விலை. கொடுத்தவர்கள் ஏழைகள். அள்ளி வந்தவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

பயண விளம்பரங்களுக்கு மாயாக்காரர்கள் 'மர்மமாக மறைந்த நாகரிகம்.' மறைந்தார்களாம். பல லட்சம் பேர் இன்றும் அங்கே சோளம் விதைக்கிறார்கள், தங்கள் மொழி பேசுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான ரிகோபெர்ட்டா மென்சூ 1992இல் அமைதிக்கான நோபல் பரிசே வாங்கினார். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்த பலியானோரில் 83 விழுக்காடு மாயா மக்கள் என்று ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை அறியும் ஆணையம் 1999இல் சொன்னது. இதில் என்ன மர்மம்? யார் மறைத்தார்கள் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சுற்றுலாக் கையேட்டில் சேர்த்தால் மாலை நேரக் கலைநிகழ்ச்சி களைகட்டாது.

நம் மலையில் அந்த வேஷம் இங்குள்ள பழங்குடியான பளியருக்கு. 'வெளியுலகம் காணாத ஆதிமக்கள்.' 1908இலேயே டாமென் என்ற ஏசுசபைப் பாதிரியார் பழனி மலைப் பளியரைப் பற்றி 'ஆந்த்ரொபோஸ்' ஆய்விதழில் கட்டுரை எழுதிவிட்டார். 1960களில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் வந்து பளியரோடு தங்கி ஆராய்ந்து, அதை வைத்துப் புத்தகங்கள் எழுதினார். நூறாண்டுக்கு மேலாக வெளியுலகம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டும் இருக்கிறது. பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பட்டா.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008இல் தமிழ்நாட்டில் பட்டா கொடுக்குமுன் தன் அனுமதி வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அந்தத் தடை நீங்க 2016 ஆயிற்று. உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. நடுவில் 2013இல் இந்த மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காட்டுமாட்டுக்கு இடம் உறுதியானது. பளியருக்கு ஆகவில்லை. பளியர் தேன் எடுக்கக் காட்டுக்குள் போனால் எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் வரும். அதே பளியரை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் கட்டணம் கட்டிய பத்துப் பேர் போனால் அது சூழல் சுற்றுலா. காட்டைக் காட்டுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. காட்டில் வாழ்வதற்குத்தான் ஆவணம் கேட்கிறார்கள்.

ஆவணம் என்றதும் சான்றிதழ். ஏழு நாள் தங்கியவருக்கு 'பழங்குடிப் பண்பாட்டில் பயிற்சி பெற்றவர்' என்று ஏழாம் நாள் காலைச் சிற்றுண்டிக்கு முன் கையில் தந்துவிடுகிறார்கள். பழங்குடியாகவே பிறந்த பிள்ளைக்குப் பழங்குடி என்று சான்றிதழ் தர வருவாய்த் துறை தாத்தாவின் ஆதாரம் கேட்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிகள் இந்தத் தாளுக்காக ஆண்டுக்கணக்கில் அலைவது ஊரறிந்த கதை. அந்தத் தாள் இல்லாமல் விடுதி இல்லை, உதவித்தொகை இல்லை, கல்லூரி இல்லை. பேசாமல் பளியர் பிள்ளைகளும் முன்பணம் கட்டி ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம். சீக்கிரம் கிடைக்கும்.

வெளிநாட்டார் மேல் மட்டும் கல்லெறிய நமக்கு யோக்கியதை இல்லை. சென்னை, பெங்களூரிலிருந்து வரும் நம் கூட்டம் இதைவிடப் பெரிது. கம்பெனிச் சமூகப் பொறுப்புக்கு ஒரு பேருந்து. மன அழுத்தத்துக்கு ஒரு பேருந்து. மண்வீடு கட்டும் பயிலரங்குக்கு ஒரு பேருந்து. ஊர்க்காரர் மண்சுவரில் ஒழுகி ஒழுகிச் சலித்து, அரசுத் திட்டத்தில் காங்கிரீட் கேட்டு வரிசையில் நிற்கிறார். இவர்கள் அடுக்குமாடியிலிருந்து இறங்கி வந்து மண் குழைக்கிறார்கள். ஓட்டை விழுந்தால் யாரும் இங்கே தங்கப்போவதில்லை.

அப்புறம் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைகள். அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 'சேவை நேரம்' தேவைப்படுகிறது. பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். பிள்ளை கேரட் பிடுங்குகிறான். அதைப் பற்றி ஆங்கிலத்தில் உருக்கமான கட்டுரை ஒன்று, பெரும்பாலும் வேறொருவர் கையால், உருவாகிறது. வறுமை என்னை மனிதனாக்கியது. யாருடைய வறுமை என்று கட்டுரையில் இருக்காது. பக்கத்துப் பாத்தியில் கூலிக்காரியின் பிள்ளை அதே கேரட்டைப் பிடுங்கினால் அது குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை. அதிகாரி வர வேண்டும், வழக்குப் போட வேண்டும். சரிதான், போடட்டும். இவன் பிடுங்கினால் மட்டும் எப்படி அனுபவக் கல்வி ஆனது? கேரட்டைக் கேட்டால் சொல்லுமோ என்னவோ.

உண்மையாகவே வேலை செய்ய ஆசையா? மலையில் வேலைக்குப் பஞ்சமில்லை. விருப்பாச்சி மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு உயிர் அதுதான். முடிக்கொத்து நோய் வந்து கீழ்மலையில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. நோயில்லாத கன்றை உருவாக்கி விவசாயிக்குச் சேர்ப்பது ஆய்வகமும் பொறுமையும் பல ஆண்டும் கேட்கிற வேலை. அதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விலையை விளைவித்தவர் சொல்வதில்லை. வெளிமாநிலப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லிக் கடைத்தெருவில் விற்கிறார்கள், வந்தவர்களும் வாங்கிப் போகிறார்கள். கள்ளப்பூண்டைப் பிடிக்கத் தன்னார்வலர் தேவை என்று ஒரு விளம்பரமாவது வந்ததா? ராத்திரி காட்டுமாடு தோட்டத்துக்குள் இறங்குகிறது. பனியில் விழித்திருந்து விரட்ட ஆள் வேண்டும். வாருங்கள், சான்றிதழ் தருகிறோம்.

வர மாட்டார்கள். படம் நன்றாக வராது. இருட்டு.

படத்துக்கு வராத இன்னொரு இடமும் இருக்கிறது. வெளிநாட்டு உதவி கொடைக்கானலுக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களில் இங்கே வந்து இறங்கியது. பாண்ட்ஸ் நிறுவனத்துடையது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. மலைவாசிகளுக்கு வேலை தருகிறோம் என்றார்கள். தந்தார்கள். தெர்மாமீட்டர் அமெரிக்காவுக்குப் போனது. பாதரசம் பாம்பார் சோலைக்குப் போனது. 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு குவிந்துகிடந்தது வெளியே தெரிந்து, ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே கப்பலேற்றினார்கள். வேலை பார்த்த 591 பேருக்கு ஓர் உடன்படிக்கை எழுத 2016 ஆயிற்று. பதினைந்து ஆண்டு. மண்ணை முத்தமிடும் பயணத் திட்டம் எதிலும் அந்த மண் இடம்பெறவில்லை. ஏழு நாள், மூலிகைத் தேநீர், பாதரச மண் அள்ளுதல் என்று போட்டுப் பார்க்கட்டுமே.

நம் அரசுக்கு இதிலெல்லாம் கவலை உண்டா என்று கேட்காதீர்கள். அதன் கவலை வண்டி எண்ணிக்கை. உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025இல் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வந்தது. அதையும் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. வண்டியை எண்ணத் தெரிந்த அரசுக்கு, படிக்கட்டு வயல்களில் எத்தனை விடுதிகள் ஆயின என்று எண்ண மட்டும் விரல் போதவில்லை.

வருகிறவருக்கு இந்தியா கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சுற்றுலா இ-விசாவிலேயே சம்பளமில்லாத தன்னார்வ வேலை ஒரு மாதம்வரை செய்யலாம். நல்ல மனது. இதையே திருப்பிப் போடுவோம். பூம்பாறை விவசாயி ஒருவர் ஐரோப்பாவுக்கு இதே கல்விப் பயணம் போக விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி.

"எதற்காகப் போகிறீர்கள்?"

"வெள்ளைக்காரங்க எப்படி விவசாயம் பார்க்கிறாங்க, என்ன சாப்பிடுறாங்க, சாமி எப்படிக் கும்பிடுறாங்கன்னு பார்த்துட்டு வரலாம்னு சார். ஒரு வாரம். களையும் எடுத்துக் கொடுப்பேன்."

"சம்பளம்?"

"வேண்டாம் சார்."

"சம்பளம் வாங்காமல் யாராவது களை எடுப்பார்களா?"

"எங்க ஊருக்கு வந்து எடுக்கிறாங்களே சார்."

"வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?"

நகைக்கடன் ரசீதை நீட்டுகிறார். அதிகாரி அதைத் தொடவில்லை.

"நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

"பூண்டைக் காயப் போட்டுட்டு வந்திருக்கேன் சார். மழைக்குள்ள போகணும்."

விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. திரும்பி வரும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை என்று காரணம் போட்டிருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. அதைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை.